பதியப்படாத குரல்

டிசம்பர் 11, பாரதியார் பிறந்த நாள். நிலக்கோட்டைப் பகுதிப் பள்ளி ஒன்றில் அந்நாள் விழாவுக்கு நம்மை அழைத்திருந்தனர். முண்டாசும் ஒட்டுமீசையும் கறுப்புக் கோட்டுமாகச் சிறுவர் எண்மர் வரிசையில் நின்றனர். எட்டுப் பாரதியும் எட்டுக் குரலில் முழங்கினர். விழா முடிந்து புறப்படும் வேளையில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அருகில் வந்தாள். “சாமி, நெசமான பாரதியாரு பேசுனது எங்கயாச்சும் இருக்கா? கேக்க முடியுமா?” என்றாள். “இல்லையம்மா” என்றோம். “ஏன் சாமி, யாரும் புடிச்சு வைக்கலையா?” என்று மீண்டும் கேட்டாள். ஏதோ கூறி அவளைத் தேற்றினோமே அன்றி, விடை கூறினோம் இல்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

அயல்நாட்டுக் குழந்தை ஒன்று தன் நாட்டுக் கவிஞரைப் பற்றி இவ்வாறு கேட்டால் என்ன விடை கிடைக்கும் என எண்ணிப் பார்த்தோம். அமெரிக்கர் தம் கவிஞர்களின் வாழ்வை ஆவணப்படங்களாக எடுத்துப் பேணுவதில் முன்னிற்பவர்கள். கதைப்படம் வேறு, ஆவணப்படம் வேறு. கதைப்படத்தில் நடிகர் ஒருவர் கவிஞராக வேடம் புனைவார். ஆவணப்படமோ கவிஞரின் உண்மை உருவம், குரல், கையெழுத்து, வாழ்ந்த வீடு, அறிந்தவர் கூற்று ஆகியவற்றைத் தொகுத்துக் காட்டுவது. சுருங்கக் கூறின், அது சாட்சியங்களின் தொகுப்பு.

ராபர்ட் ஃப்ராஸ்ட் என்னும் அமெரிக்கக் கவிஞர் 1961 ஜனவரி 20 அன்று கென்னடி குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற விழாவில் கவிதை வாசிக்க எழுந்தார். வயது 86. வெயிலின் கூச்சத்தில் கையிலிருந்த தாளைப் படிக்க இயலாது போகவே, மனப்பாடமாக இருந்த வேறொரு கவிதையைக் கூறி முடித்தார். நாடே தொலைக்காட்சியில் அதனைக் கண்டது. அடுத்து, ஷர்லி கிளார்க் என்னும் பெண் இயக்குநர் அவரது இறுதிக் காலத்தைப் படம்பிடித்தார். ‘உலகத்தோடு ஒரு காதலரின் ஊடல்’ என்று தமிழில் பெயர் சொல்லத்தக்க அந்த ஆவணப்படம் 1963-ஆம் ஆண்டுக்குரிய ஆஸ்கர் விருதைப் பெற்றது. ஃப்ராஸ்ட் அவ்வாண்டு ஜனவரி 29 அன்றே மறைந்துவிட்டார். எனினும் அவர் நடந்ததும் சிரித்ததும் மாணவரோடு உரையாடியதும் இன்றளவும் காணக்கிடைக்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய தன் ஆணையேட்டை வெளியிட்டதும் அதே 1963-இல், டிசம்பர் 4 அன்றுதான். திரைப்படத்தை, இறைவன் துணையால் மனிதர் கண்ட வியத்தகு கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகத் திருச்சபை அதில் ஏற்றது.

பின்னர் 1988-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி பதின்மூன்று கவிஞர்களுக்குப் பதின்மூன்று படங்கள் எனத் தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. அவர்களுள் முதல்வராகக் கருதத்தக்க வால்ட் விட்மனைப் பற்றிப் பாரதியாரே தமிழில் எழுதியிருக்கிறார். விட்மன் மறைந்தது 1892-இல். அப்போது பாரதிக்கு வயது ஒன்பது. அந்த விட்மனுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நிழற்படங்கள் உள்ளன. 1921 வரை வாழ்ந்த பாரதிக்கோ இன்று கிடைப்பவை ஐந்தே. அசையும் படம் ஓரடியும் இல்லை. குரல் ஒரு நொடியும் இல்லை.

தாகூரும் பாரதியும்

அமெரிக்கா செல்வம் படைத்த நாடு, நாமோ அடிமைப்பட்டுக் கிடந்தோம் என்று சமாதானம் கூறலாம். ஆனால் நம் நாட்டிலேயே அதற்கு மறுமொழி உண்டு. பாரதியின் காலத்தவரான இரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டையொட்டி, நடுவண் அரசின் திரைப்படப் பிரிவுக்காகச் சத்யஜித் ரே 1961-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அது 54 நிமிடங்கள் ஓடுவது. 1941 ஆகஸ்டு 7 அன்று தாகூர் மறைந்தபோது கல்கத்தா வீதிகளில் திரண்ட மக்கள் வெள்ளத்துடன் அப்படம் தொடங்குகிறது. அந்த இறுதி ஊர்வலம் அன்றே படமாக்கப்பட்டிருந்தது. தாகூரின் குரலும் ஓவியங்களும் கையெழுத்துப் படிகளும் எண்ணற்ற நிழற்படங்களும் பேணப்பட்டிருந்தன. சிறு வயதுக் காட்சிகளுக்கு ரே நடிகர்களைப் பயன்படுத்தினார்.

இனி, இருபது ஆண்டுகள் பின்னோக்கித் திருவல்லிக்கேணிக்கு வருவோம். 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து பாரதியின் உயிர் பிரிந்தது. வயது 39 நிறையவில்லை. மறுநாள் கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்கு உடன் சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பர். ரே எடுத்ததைப் போன்ற படத்தைப் பாரதிக்கு எடுக்க விழைபவர் எந்த ஊர்வலத்தைக் காட்டுவார்?

ரேயின் ஆவணப்படம் வெளிவந்த அதே 1961-இல் தமிழகத்தில் ‘கப்பலோட்டிய தமிழன்’ வெளிவந்ததை வாசகர் பலர் நினைவுகூர்வர். அதில் எஸ். வி. சுப்பையா பாரதியாக நடித்தார். நமது நிலக்கோட்டைக்கு அடுத்த வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்த சுப்பிரமணிய சிவாவாக டி. கே. சண்முகம் தோன்றினார். நல்ல படம், மக்கள் உள்ளத்தில் விடுதலைப் போரின் நினைவைப் பதித்த படம். எனினும், வங்காளத்தார் தம் கவிஞரின் மெய்யுருவைக் கண்ட ஆண்டில் நாம் நம் கவிஞரை நடிகர் ஒருவரின் உருவில்தான் காண முடிந்தது. 2000-ஆம் ஆண்டில் ‘பாரதி’ என்னும் கதைப்படம் வந்தபோது மராட்டிய நடிகர் சாயாஜி ஷிண்டேயின் முகம் பாரதியின் முகமாயிற்று.

சிவாவின் நிலையும் இதுவே. 1908-இல் தூத்துக்குடி மக்களைப் பொங்கி எழச் செய்தது அவரது நாவன்மை. சிறையும் தொழுநோயும் உடலை அரித்த பின்னும் ஊர் ஊராகச் சென்று பேசியவர் அவர். ‘ஞானபாநு’ என்னும் மாத இதழ் நடத்தி, அதில் பாரதியை எழுதச் செய்தவரும் அவரே. 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் மறைந்தார். குரலாலேயே வாழ்ந்த அம்மனிதரின் குரலும் காற்றோடு போயிற்று.

கருவி இல்லாமற் போனதா?

அக்காலத்தில் கருவி இல்லையே என்று அச்சிறுமிக்கு விடை கூறியிருக்கலாம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1902-இலேயே இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிவிட்டது. திரைப்படமோ தமிழகத்தில் ஒரு கத்தோலிக்கரின் கையால் பரவிற்று என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத் தக்கது. திருச்சியில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து திரைப்படக் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். ஆண்டவரின் வாழ்வைச் சித்திரிக்கும் படமும் அவற்றுள் ஒன்று. கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். பின்னர் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கத்தையும் எழுப்பினார். வின்சென்ட் அக்கருவியை வாங்குவதற்கு முந்தைய ஆண்டில்தான், 1904-இல், பாரதி மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டிலேயே மதுரை ‘விவேகபாநு’ இதழில் அவரது கவிதை முதன்முதலாக அச்சேறியது.

வின்சென்ட் காட்டியவை அயல்நாட்டுப் படங்கள். ஆனால் 1910-களின் இறுதியில் சென்னைப் புரசைவாக்கத்தில் நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ என்னும் ஊமைப்படத்தை எடுத்துவிட்டார். தென்னிந்தியாவின் முதற் கதைப்படம் அது. அதன் ஒரு சுருளும் இன்று எஞ்சவில்லை. பாரதி தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்த திருவல்லிக்கேணி, புரசைவாக்கத்துக்குச் சில கல் தொலைவே. ஆக, ஒளிப்படக் கருவி சென்னையில் இருந்தது, அதனை இயக்கத் தெரிந்தவர் இருந்தார், கவிஞரும் இருந்தார். அக்கருவியை அவர் பக்கம் திருப்ப வேண்டும் என்று தோன்றிய ஒருவர்தான் இல்லை.

அது தமிழருக்கு ஆற்றல் இல்லாமையால் அன்று என்பதற்கும் சான்று உண்டு. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் 1937-இல் காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க உறுதி பூண்டார். கண்டங்கள் கடந்து அலைந்து, பலர் பல நாடுகளில் எடுத்து வைத்திருந்த சுருள்களை ஏறத்தாழ 50,000 அடி திரட்டி, அதிலிருந்து படத்தை உருவாக்கி 1940-இல் தமிழில் வெளியிட்டார். முப்பது வயது நிறையாத ஒரு தமிழ் இளைஞரின் தனி முயற்சி அது. திரட்டுவதற்குச் சுருள்கள் எங்கெங்கோ இருந்தமையால் அவரால் திரட்ட முடிந்தது. பாரதிக்குத் திரட்ட ஒன்றும் இருக்கவில்லை.

காத்தவர்கள் யார்?

அப்படியானால் பாரதியின் வாழ்வு நம் கைக்கு எப்படி வந்தது? 1999-இல் அம்ஷன் குமார் ‘சுப்பிரமணிய பாரதி’ என்னும் ஆவணப்படத்தை எடுக்கும் அளவுக்குச் செய்திகள் எவ்வாறு எஞ்சின? கருவிகள் கைவிட்டதைச் சாட்சிகள் காத்தனர் என்பதே விடை.

முதற் சாட்சி அவருடைய மனைவி செல்லம்மாள். கணவர் மறைந்த மறு ஆண்டே, 1922-இல், ‘பாரதி ஆச்ரமம்’ என்னும் பெயரில் அவருடைய பாடல்களை அச்சிட்டார். கையில் பொருளின்றி, இரு பெண்மக்களோடு நின்ற கைம்பெண் செய்த பணி அது. 1941-இல் ‘பாரதியார் சரித்திரம்’ அவர் பெயரில் வெளிவந்தது. 1951-இல் திருச்சி வானொலியில் தம் கணவரைப் பற்றி உரையாற்றினார். கணவரின் குரல் ஏறாத காற்றில் மனைவியின் குரல் ஏறிற்று.

அடுத்தவர் யதுகிரி அம்மாள். புதுச்சேரியில் பாரதி குடும்பத்தோடு நெருங்கிப் பழகிய மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள். சிறுமியாக இருந்து தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதிவைத்தார்; 1954-இல் அது ‘பாரதி நினைவுகள்’ என நூலாயிற்று. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, பாரதியின் கையால் பூணூல் அணிவிக்கப்பெற்ற ரா. கனகலிங்கம் ‘என் குருநாதர் பாரதியார்’ என்னும் நூலை 1947-இல் வெளியிட்டார். வ. ரா.வின் ‘மகாகவி பாரதியார்’ 1944-இல் நூலாயிற்று. இறுதியாக, ரா. அ. பத்மநாபன் நிழற்படங்களையும் கடிதங்களையும் ஆவணங்களையும் பல்லாண்டு தேடித் தொகுத்து 1957-இல் ‘சித்திர பாரதி’யை அளித்தார். அசையாத படங்களால் ஆன ஆவணப்படம் என்றே அந்நூலைக் கூறலாம்.

இச்சாட்சிகள் ஒருவர் சொன்னதையே மற்றவர் சொல்லவில்லை. மனைவி வீட்டின் வறுமையை அறிந்தவர். சிறுமி தனக்குப் பாடிக் காட்டிய பெரியவரைக் கண்டாள். சீடர் சாதியை உடைத்த குருவைக் கண்டார். தோழர் நாட்டுப்பற்றின் அனலைக் கண்டார். நான்கு நற்செய்தியாளர்கள் ஒரே ஆண்டவரை நான்கு கோணங்களில் நமக்குக் காட்டவில்லையா? நாசரேத்தூர் இயேசுவின் உருவத்தை எவரும் வரைந்து வைக்கவில்லை. அவர் தம் கைப்பட எழுதிய ஏடும் இல்லை. கண்டோர், கேட்டோர், கையால் தொட்டோர் அறிவித்ததே நமது விசுவாசத்தின் அடித்தளம். தொடக்கம் முதல் கண்கூடாகக் கண்டவர்களிடம் கேட்டறிந்து ஒழுங்குபட எழுதியதாக லூக்கா தம் நூலின் வாயிலிலேயே கூறுகிறார். பாரதி கிறிஸ்துவைப் பற்றி ஒரு சிறு கவிதை எழுதியுள்ளார். அதில் ஆண்டவரின் சாவையும் உயிர்ப்பையும் நேரில் கண்ட சாட்சியாக அவர் நிறுத்துவது பேதுருவை அன்று, மகதலா மரியாவை. அன்பு செய்தவளே கண்டாள் என்பதைக் கவிஞர் உணர்ந்திருந்தார். அவருக்கும் அவ்வாறே அமைந்தது.

அமெரிக்காவிலும் இதற்கு இணை உண்டு. எமிலி டிக்கின்சனுக்கு ஐயமற உறுதி செய்யப்பட்ட நிழற்படம் ஒன்றே; அதுவும் பதினாறு வயதில் எடுத்தது. ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதிய அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறியவை பத்து அளவிலேயே. 1886-இல் அவர் மறைந்தபின் அவரது அறையில் தைத்து வைக்கப்பட்டிருந்த கையேடுகளைக் கண்டெடுத்து, அவற்றை அச்சேற்றியே தீர வேண்டும் என்று நின்றவர் தங்கை லவினியா. முற்கூறிய பதின்மூன்று படங்களுள் டிக்கின்சனுக்கும் ஒரு படம் உண்டு. தங்கை அந்த ஏடுகளை நெருப்பிலிட்டிருந்தால் அப்படத்துக்கு வேலையே இல்லை.

கருவியின் எல்லை

கருவி பதிந்ததெல்லாம் முழு உண்மை என்றும் கருதற்க. தாமஸ் மெர்ட்டன் என்னும் அமெரிக்கத் துறவிக் கவிஞரை நம் வாசகர் சிலர் அறிவர். கெண்டக்கியில் உள்ள கெத்செமனி டிராப்பிஸ்ட் மடத்தில் 1941 டிசம்பர் 10 அன்று சேர்ந்து மோன வாழ்வு மேற்கொண்டவர். 1968 நவம்பர் இறுதியில் சென்னைக்கு வந்து, புனித தோமையார் மலையையும் மாமல்லபுரத்தையும் கண்டு சென்றார். அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று பாங்காக்கில் துறவியர் மாநாட்டில் அவர் ஆற்றிய உரையைத் தொலைக்காட்சிக் குழு ஒன்று படமாக்கியது. சில மணி நேரத்தில், தம் அறையில் இருந்த மின்விசிறியின் கோளாற்றால் அவர் இறந்தார். மடம் புகுந்த அதே நாளில் அவரது பயணம் முடிந்தது. அவரது வாழ்வைக் கூறும் ஆவணப்படம் ஒன்று 1984-இல் வெளிவந்தது. அவர் நம்மோடு பேசிய அந்த இறுதிப் பேச்சு படத்தில் உள்ளது. அப்பேச்சை விளைவித்த இருபத்தேழு ஆண்டு மௌனத்தை எந்தச் சுருள் பதியும்?

இருப்பினும் பதிவும் சாட்சியமும் இல்லாத இடத்தில் கதைகள் புகுந்துவிடுகின்றன. பாரதியை யானை அடித்துக் கொன்றது என்று இன்றும் சொல்வோர் பலர். திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. ஆனால் அவர் அதிலிருந்து மீண்டார்; ‘சுதேசமித்திரன்’ பணிக்குத் திரும்பினார்; ஈரோடு கருங்கல்பாளையம் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருளில் சொற்பொழிவும் ஆற்றினார். பின்னரே வயிற்று நோய் கண்டு மறைந்தார். யானைக் கதை சுவையானது, உண்மையோ வேறு. உண்மைக்குச் சான்று பகர்வது பெரியோர்க்கு மட்டும் உரிய கடன் அன்று.

இவ்வளவும் எழுதியபின் நம் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டியுள்ளது. நமது பங்கைச் சார்ந்த சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவர் இருந்தார். எழுத்தறியாதவர், பூந்தோட்டக் கூலி. விடியுமுன் மல்லிகை பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் கோயிற் படியில் வந்து அமர்வார். பெரிய வெள்ளியன்று தாமே கட்டிய வியாகுலப் பாடல்களைப் பாடுவார். மகனை மடியில் கிடத்திய மாதாவின் புலம்பலை அவர் எடுத்துப் பாடுகையில், வேடிக்கை பார்க்க வந்தோரும் கண் கலங்குவர். ஒரு நாள் நம்மிடம், “சாமி, எம் பாட்டையெல்லாம் எழுதி வச்சுக்குங்க. எனக்கப்புறம் யாருக்கும் தெரியாது” என்றார். “பாஸ்கா முடியட்டும் பெரியவரே, உட்கார்ந்து எழுதுவோம்” என்றோம். பாஸ்கா முடிந்தது. திருவிழாக்கள் வந்தன, கட்டடப் பணி வந்தது, கூட்டங்கள் வந்தன. ஆவணி மாதத்தில் அவரை அடக்கம் செய்தோம்.

அடக்கத்தின் பின் அவருடைய பேரன் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். தேர்த் திருவிழாவில் தாத்தா பாடியது. நாற்பது விநாடி. மேளமும் வெடியும் முழங்க, அவருடைய வாய் அசைவது மட்டுமே தெரிந்தது. அவருடைய மகளுக்கு இரண்டு கண்ணிகள் நினைவில் இருந்தன, அவற்றை எழுதிக்கொண்டோம். எஞ்சியவை அவரோடு மண்ணுக்குள் போயின.

“ஏன் யாரும் புடிச்சு வைக்கலை?” என்று அச்சிறுமி கேட்டபோது வாயடைத்து நின்றது இதனால்தான். 1921-இல் சென்னையில் வாழ்ந்தோரை நாம் எளிதில் குறை கூறுகிறோம். அவர்களுக்குக் கருவி அரிதாக இருந்தது. நமக்கோ ஒவ்வொரு சட்டைப் பையிலும் இருக்கிறது. அவர்களைப் போலவே நாமும், அருகில் இருப்பவர் நாளையும் இருப்பார் என்று எண்ணிவிட்டோம்.

நமது ஊர்களில் இன்னும் சிலர் எஞ்சியுள்ளனர். பாஸ்கு நாடகத்தின் பழைய வசனங்களை முழுவதும் அறிந்த உபதேசியார்கள், தாலாட்டிலும் ஒப்பாரியிலும் விவிலியத்தைப் பாடும் பாட்டிமார், பங்கின் தொடக்கக் காலத்தைத் தம் தந்தையரிடம் கேட்டறிந்த முதியோர். இளைஞர் இயக்கத்தாரும் மறைக்கல்வி மாணவரும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அவர்கள் திண்ணையில் அமரலாம். மேளம் முழங்காத வேளை பார்த்துப் பதியட்டும். பதிந்ததை எழுதவும் செய்யட்டும். செல்லம்மாளுக்கும் யதுகிரிக்கும் இருந்தது கருவி அன்று, கவனம். அந்தக் கவனமே அன்பின் ஒரு வடிவம்.

வரும் தவக்காலத்தில் அந்த இரண்டு கண்ணிகளை நமது கோயிலில் பாட இருக்கிறோம். அம்முதியவரின் மகள் பாடுவார், பேரன் பதிவான். அச்சிறுமியையும் பெற்றோரோடு வருமாறு சொல்லியிருக்கிறோம். அவள் கேட்டதற்கு நாம் தரக்கூடிய விடை இப்போதைக்கு அவ்வளவே.